14 பேர் விருந்தில் 3 பேர் சைவம்: அவர்களுக்கு என்ன சமைக்கலாம்?

#1 | அம்மாபேட்டை அடுப்படி

வணக்கம்ங்க. ஞாயிறு ராத்திரி 8 மணிக்கு சேலம் வீட்டில் விருந்து. மொத்தம் 14 பேர், அதில் 3 பேர் சைவம். மட்டன் குழம்பு, சீரகச் சம்பா மட்டன் பிரியாணி, சிக்கன் வறுவல் முடிவாகிவிட்டது. சைவத்துக்கு சாம்பார், உருளைக்கிழங்கு பொரியல், தயிர்சாதம் என்று யோசனை. அடுப்பு மூணு பர்னர். குக்கர் 5 லிட்டரில் ஒன்று, 3 லிட்டரில் ஒன்று. பிரியாணிக் குண்டா ஒன்று. இந்த மெனு போதுமா? எதை மாத்தணும்?

#2 | கல்சட்டி

போதாதுங்க. பதினோரு பேருக்கு விருந்துச் சாப்பாடு, மூணு பேருக்கு மட்டும் தினப்படி சாப்பாடு என்று ஆகிவிடும். சாம்பாரும் தயிர்சாதமும் அவங்க வீட்டிலேயே தினம் இருக்கு. பக்கத்து இலையில் பிரியாணி மணக்கும்போது தயிர்சாதம் பிசைகிறவர் "எனக்கு இதுதான் பிடிக்கும்" என்றுதான் சொல்வார். அதை நம்ப வேண்டாம்.

மெனுவைத் தொடும் முன்னாடி மூணு பேருக்கும் தனித்தனியா போன் போடுங்க. "என்ன சாப்பிடுவீங்க" என்று கேட்டால் "எதுவா இருந்தாலும் சரி" என்றுதான் பதில் வரும். "எதெல்லாம் சேர்க்க மாட்டீங்க" என்று கேளுங்க. முட்டை, காளான், வெங்காயம், பூண்டு ஒவ்வொன்றையும் பேர் சொல்லிக் கேட்கணும். கறி வெந்த பாத்திரத்தைக் கழுவிச் சமைத்தால் சரியா என்பதையும் கூச்சப்படாமல் கேட்டுடுங்க. அன்றைக்கு கிருத்திகை, அமாவாசை வருதா என்று காலண்டரையும் பார்த்துக்குங்க. சைவம் என்பது ஒரே வகை கிடையாது.

#3 | செவ்வாய்ப்பேட்டை மளிகை

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. மூணு பேருக்கு மட்டும் கணக்குப் போட்டு சைவம் செய்தால், அவங்க கைக்கு வரும்போது கிண்ணத்தில் கரண்டிதான் மிஞ்சும். கறி சாப்பிடுகிறவர்களும் சைவத்தை ருசி பார்க்காமல் விட மாட்டாங்க. சைவ ஆளுக்கு ஒரு பங்கு, மற்றவங்களுக்கு அரைப் பங்கு என்று வையுங்க. 3 + 5½ = 8½. ஒன்பது பங்கு சமைத்தால் சரியா வரும். பரிமாறும்போதும் அந்த மூணு இலைக்கு முதலில் வைத்துவிட்டு அப்புறம் பாத்திரத்தை நடுவில் வைக்கணும்.

#4 | கல்சட்டி

இப்போ குழம்பு. சாம்பாரை விட்டுடுங்க. ஒரே மசாலாவை வறுத்து அரைத்து, கறி தொடும் முன்னாடியே இரண்டாகப் பிரித்துடுங்க. ஒரு பாதி மட்டனுக்கு, ஒரு பாதி மொச்சை கத்திரிக்காய்க்கு. இரண்டு இலையிலும் ஒரே வாசனை வரும், வேலையும் ஒன்றரை மடங்கோடு முடியும்.

மொத்தத்துக்கும் அளவு: மல்லி 100 கிராம், வரமிளகாய் 20, மிளகு 2 டேபிள்ஸ்பூன், சீரகம் 2 டேபிள்ஸ்பூன், கசகசா 1 டேபிள்ஸ்பூன், இரண்டு அங்குலப் பட்டை 3, கிராம்பு 8, சின்ன வெங்காயம் அரை கிலோ, தக்காளி 400 கிராம், பூண்டு 100 கிராம், இஞ்சி 50 கிராம், தேங்காய் ஒரு முழுக்காய்.

மல்லியைத் தனியா, மிளகாயைத் தனியா வறுங்க. இரண்டையும் ஒன்றாகப் போட்டால் மல்லி சிவக்கும் முன் மிளகாய் கருகும். கருகின மிளகாய் கறிக்குழம்பில் கொழுப்போடு மறைந்துவிடும்; சைவக் குழம்பில் கசப்பு அப்படியே தெரியும். கசகசா கடைசியில், அடுப்பை அணைத்த பிறகு அந்தச் சூட்டிலேயே பொரியட்டும். தேங்காயை மட்டும் இதோடு சேர்க்காமல் தனியா அரைத்து வையுங்க.

150 மில்லி கடலெண்ணெயில் வெங்காயம், பூண்டு, இஞ்சி, தக்காளி வதங்கி, அரைத்த மசாலாவும் போட்டு, ஓரத்தில் எண்ணெய் கசியும் வரை கிளறுங்க. இங்கேதான் பிரிக்கணும். சைவப் பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி மூடி வைத்த பிறகுதான் மட்டன் அடுப்புப் பக்கமே வரணும்.

சைவப் பாதியில் கறியின் கொழுப்பும் சாறும் இல்லை. அதை ஈடு கட்டாமல் விட்டால் குழம்பு வெறும் மசாலாத் தண்ணீரா நிற்கும். மூணு காரியம் செய்யணும். நல்லெண்ணெய் 3 டேபிள்ஸ்பூன் கூட விடுங்க. அதன் பங்குத் தேங்காயோடு 2 டேபிள்ஸ்பூன் பொட்டுக்கடலை சேர்த்து அரைங்க. மொச்சை வெந்த தண்ணீரைக் கொட்டாமல் குழம்புக்கே ஊற்றுங்க, அதில்தான் கனம் இருக்கு.

காய்ந்த மொச்சை 250 கிராம், 10 மணி நேரம் ஊறணும். சனிக்கிழமை படுக்கும் முன் ஊறப் போட்டுடுங்க. 3 லிட்டர் குக்கரில் 4 விசில். சின்னக் கத்திரிக்காய் 400 கிராம், காம்போடு நாலாகக் கீறியது. மொச்சைத் தண்ணீரையும் சேர்த்து ஒன்றேகால் லிட்டர் தண்ணீர். கத்திரிக்காய் முக்கால் பதம் வெந்த பிறகு நெல்லிக்காய் அளவு புளியைக் கரைத்து விடுங்க. முன்னாடியே விட்டால் புளிப்பில் காய் இறுகி, ஓரம் வேகாமல் நிற்கும். கடைசியில் தேங்காய் அரைத்ததை ஊற்றி ஒரு கொதி, அவ்வளவுதான். கொதித்துக்கொண்டே கிடந்தால் தேங்காய் திரிந்து மேலே திப்பியா மிதக்கும்.

#5 | மலைமிளகு

வறுவலுக்குப் பலாப்பிஞ்சு எடுங்க. பள்ளிபாளையம் சிக்கன் செய்கிற முறையிலேயே செய்யலாம். அந்த வறுவலின் உயிர் வரமிளகாயும் தேங்காய்ப் பல்லும் சின்ன வெங்காயமும்தான்.

ஒன்பது பங்குக்கு ஒன்றரை கிலோ பிஞ்சு வாங்குங்க. தோலும் நடுத்தண்டும் போக முக்கால் கிலோ போல நிற்கும். வெட்டிப் பார்த்தால் கொட்டை இன்னும் பாலா, நகம் பட்டால் நசுங்கணும். கொட்டை ஓடு கட்டியிருந்தால் வாங்காதீங்க, எத்தனை விசில் விட்டாலும் நாராகத்தான் இருக்கும். கையிலும் கத்தியிலும் நல்லெண்ணெய் தடவிக்குங்க. வெட்டின துண்டை உடனே மஞ்சள் கலந்த மோரில் போடணும், இல்லையென்றால் கருக்கும்.

உப்பும் மஞ்சளும் போட்டு குக்கரில் ஒரே விசில். அடங்கினதும் வடித்து, தட்டில் பரப்பி ஆற விடுங்க. சூட்டோடு கடாயில் போட்டால் கரைந்து கூட்டாகிவிடும். 5 டேபிள்ஸ்பூன் கடலெண்ணெயில் விதை தட்டின வரமிளகாய் 15, கறிவேப்பிலை இரண்டு கொத்து, இரண்டாக நறுக்கின சின்ன வெங்காயம் 250 கிராம். வெங்காயம் பளபளவென்று வந்ததும் அரை மூடித் தேங்காய்ப் பல், அப்புறம் பலா. நடுத்தரத் தீ, 12 நிமிஷம், தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கிளறணும். மிளகாய் விதையை நிஜமாகவே தட்டிடுங்க. 15 மிளகாயை விதையோடு போட்டால் சாப்பிட முடியாது.

#6 | சாமைச்சோறு

பலாப்பிஞ்சு ருசியில் குறை இல்லை. ஆனால் பிறந்ததிலிருந்து கறி தொடாதவங்களுக்கு நார் நாராகப் பிரிகிற அந்தப் பதமே ஒரு மாதிரி இருக்கும். "அப்படியே கறி மாதிரி இருக்கு, சாப்பிடுங்க" என்று வேறு யாராவது பக்கத்திலிருந்து சொன்னால் கை நின்றுவிடும். மீல்மேக்கருக்கும் இதுதான். கறியை விட்டவங்களுக்கு அது பிடிக்கலாம். பரம்பரைச் சைவத்துக்கு அது பரிசோதனை. அதே தாளிப்பில் சேனைக்கிழங்கு போடுங்களேன். கனசதுரமா வெட்டி, புளித்தண்ணீரில் முக்கால் வேக்காடு வைத்து வடித்தால் நாக்கு அரிக்காது.

#7 | மலைமிளகு

ஒத்துக்கிறேன். போன் போடும்போது இதையும் கேட்டுக்கலாம். பலா என்றால் முகம் மலர்கிறவங்களும் நிறையப் பேர். ஆனால் பேரை மாற்றாதீங்க, "சைவ மட்டன்" என்றெல்லாம் சொல்ல வேண்டாம். பலாக்காய் வறுவல் என்றே சொல்லி வையுங்க.

#8 | செவ்வாய்ப்பேட்டை மளிகை

பிரியாணி சைவத்திலும் கட்டாயம் வேணும். 750 கிராம் சீரகச் சம்பா, 20 நிமிஷம் ஊறினால் போதும். அதற்கு மேல் ஊறினால் அரிசி உடையும். காய் மொத்தம் 600 கிராம்: பீன்ஸ், கேரட், பட்டாணி, பெரிய துண்டா உருளைக்கிழங்கு. காலிபிளவர் வேண்டாம், கரையும்.

சைவப் பிரியாணி சப்பென்று போவதற்கு முக்கியக் காரணம் வெங்காயத்தைக் கண்ணாடிப் பதத்தில் விட்டுடறதுதான். 300 கிராம் பெரிய வெங்காயத்தை நெய்யும் எண்ணெயும் கலந்து பொன்முறுவலுக்குக் கொண்டுவந்து, கால் பங்கை மேலே தூவ எடுத்து வையுங்க. புதினாவோடு 20 முந்திரி சேர்த்து அரைத்தால் கனம் கிடைக்கும். அரிசி ஒரு டம்ளருக்குத் தேங்காய்ப் பாலும் தண்ணீரும் சேர்த்து ஒன்றே முக்கால். காய் விடுகிற தண்ணீருக்காக மொத்தத்தில் அரை டம்ளர் குறைத்துக்குங்க. 5 லிட்டர் குக்கரில் ஒரு விசில், அணைத்துவிட்டு ஆவி தானா அடங்கட்டும். விசிலைத் தூக்கி ஆவியை விட்டால் அடி குழையும், மேலே வேகாமல் விறைப்பா நிற்கும்.

#9 | கல்சட்டி

அதே 5 லிட்டர் குக்கரில்தான் அப்புறம் மட்டனும் வேகப்போகுது, அதனால் வரிசை முக்கியம். மூணு மணிக்குச் சைவம் ஆரம்பித்து ஐந்துக்கு முடித்து, மூடி, சமையலறைக்கு வெளியே கொண்டுபோய் வையுங்க. ஐந்துக்கு அப்புறம்தான் கறி. கறி தாளிக்கிற கரண்டி ஒரு தடவை மொச்சைக் குழம்பில் பட்டால் போதும், செய்ததெல்லாம் வீண்.

எவ்வளவு கழுவினாலும் வாசனை போகாத இடம் குக்கர் கேஸ்கட். ரப்பர் கொழுப்பைப் பிடித்து வைத்துக்கும், அடுத்த முறை சூடேறும்போது விடும். மூடியைக் கழற்றி கேஸ்கட்டை மூக்குப் பக்கம் கொண்டுபோனால் போன வார மட்டன் தெரியும். பாத்திரக் கடையில் சைவத்துக்கு என்று புதுக் கேஸ்கட் ஒன்று வாங்கி ஆணியில் தனியாத் தொங்கவிடுங்க. மிக்ஸி ஜார் மூடி வாஷரும் அப்படித்தான். மண்சட்டி, கல்சட்டி, மரக்கரண்டி எல்லாம் உறிஞ்சும் ஜாதி. கறிக்குப் புழங்கினது என்றால் சைவத்துக்கு எடுக்காதீங்க. எவர்சில்வர் கழுவினால் சுத்தம்.

எண்ணெய்: சிக்கன் பொரித்த எண்ணெயில் அப்பளம் பொரிக்கவே கூடாது. அப்பளம் முதலில்.

#10 | அம்மாபேட்டை அடுப்படி

ரொம்ப நன்றிங்க. மூணு பேரிடமும் பேசியாச்சு. இரண்டு பேருக்கு வெங்காயம் பூண்டு ஓகே, பலாக்காயும் ஓகே. மூணாவது ஆள் சமணர். வெங்காயம், பூண்டு, பூமிக்குக் கீழே விளையும் எதுவும் கிடையாது, பொழுது சாய்ந்த பிறகு சாப்பாடும் கிடையாது. இதுவரை சொன்ன மெனுவில் அவருக்கு ஒன்றுமே இல்லை. என்ன செய்யறது? இனிப்புக்கு ஜவ்வரிசிப் பாயசம் என்று இருந்தோம், அதையாவது அவருக்குக் கொடுக்கலாமா?

#11 | சாமைச்சோறு

நல்லவேளை கேட்டீங்க. ஜவ்வரிசி என்ற பேரில் அரிசி இருக்கே தவிர, அது மரவள்ளிக் கிழங்கின் மாவு. கிழங்கை அரைத்துப் பால் எடுத்து, வண்டல் படிய விட்டு, அந்த மாவை உருட்டி வறுத்துக் காயவைத்தது. சேலத்தைச் சுற்றி ஆலை ஆலையா நடக்கிற தொழில், நம்ம ஊர் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே இருக்கு. ஆனால் சமணரில் சிலர் அதைச் சாப்பிடுவாங்க, சிலர் கிழங்கு என்பதால் தொட மாட்டாங்க. அவரிடமே கேளுங்க. சந்தேகம் என்றால் அவருக்குப் பாசிப்பருப்புப் பாயசம்.

கேட்கும்போது இன்னும் இரண்டு: கத்திரிக்காயும் காலிபிளவரும் சிலர் ஒதுக்குவாங்க. பச்சை இஞ்சி கூடாது என்பவர் சுக்கை ஏற்கலாம், பச்சை மஞ்சள் கூடாது என்பவர் மஞ்சள்தூளை ஏற்கலாம்.

அவருடைய இலைக்கு நான் சொல்வது: தேங்காய் சாதம், தட்டப்பயறு போட்ட பூசணிக் குழம்பு, வாழைக்காய் மிளகு வறுவல், அவரைக்காய்ப் பொரியல். வாழைக்காயைத் தோலோடு முக்கால் வேக்காடு வைத்து, ஆறின பிறகு உரித்து வெட்டுங்க. அப்போதான் முனை உடையாது. 4 காய்க்கு ஒன்றரை டீஸ்பூன் மிளகு, ஒரு டீஸ்பூன் சீரகம், கொரகொரப்பா இடித்தது. வறுபட்ட பிறகு, இறக்கும் போது தூவணும். எண்ணெயிலேயே மிளகுத்தூளைப் போட்டால் கருகிக் காரல் அடிக்கும்.

வெங்காயம் பூண்டு இல்லாத இடத்தைக் கட்டிப் பெருங்காயம் நிரப்பும். பட்டாணி அளவுத் துண்டை எண்ணெயில் பொரித்து நசுக்குங்க. தூள் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஒத்துக்காதவர் இருந்தால் அதையும் நினைவில் வையுங்க.

#12 | கல்சட்டி

நேரம் பற்றி. அவரை ஐந்தே காலுக்கு வரச் சொல்லி, ஐந்தரைக்கு இலை போடுங்க. வீட்டில் ஒருவர் கூட உட்கார்ந்து சாப்பிடணும், தனியா உட்கார வைக்காதீங்க. அப்படியானால் சமையலை மூணு மணிக்கு அல்ல, இரண்டரைக்கே, அதுவும் அவர் இலையிலிருந்து ஆரம்பிக்கணும். கறி வேலையை அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை, ஆறரைக்குத் தள்ளுங்க. மட்டனை முன்னாடியே மஞ்சள், தயிர் தடவி ஃபிரிட்ஜில் வைத்தால் எட்டு மணிக்குக் கைக்கு வந்துவிடும். 8 மணிப் பேச்சில் அவரும் உட்காரத்தானே போகிறார், அதனால் இளநீரோ பழமோ எடுத்துவராமல் முன்கூட்டியே கேட்டுக்குங்க. பொழுது சாய்ந்த பின் சிலர் தண்ணீர் தவிர எதுவும் எடுக்க மாட்டாங்க, சிலருக்கு அதுவும் இல்லை.

#13 | செவ்வாய்ப்பேட்டை மளிகை

பாயசத்துக்கு மாவு ஜவ்வரிசியா, நைலான் ஜவ்வரிசியா என்று கடையில் கேட்பாங்க. பாயசத்துக்கு நைலான் சுலபம், மணி உடையாமல் கண்ணாடியா நிற்கும். 150 கிராமை ஒரு ஸ்பூன் நெய்யில் லேசா வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போடுங்க. பச்சைத் தண்ணீரில் போட்டுக் காய்ச்சினால் மாவு கரைந்து பசையாகும். நடுவில் வெள்ளைப் பொட்டு மறையும் வரை வெந்த பிறகுதான் ஒன்றரை லிட்டர் பாலும் 225 கிராம் சர்க்கரையும். வெல்லம் என்றால் பாகு காய்ச்சி வடிகட்டி, பாயசம் கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறின பிறகு. கொதியில் ஊற்றினால் பால் திரிந்துவிடும். ஆற ஆற இறுகும், அதனால் அரை லிட்டர் சூடான பாலைத் தனியா வைத்துக்குங்க.

#14 | மலைமிளகு

கடைச் சரக்கில் மறைந்திருப்பது இன்னொன்று. பச்சைப் பொட்டு பாருங்க. அசைவத்துக்கு முன்னாடி பழுப்பு வட்டம் இருந்தது, இப்போ பழுப்பு முக்கோணம். ஜெல்லி, மார்ஷ்மெல்லோவில் ஜெலட்டின் இருக்கலாம், வொர்செஸ்டர் சாஸில் நெத்திலி வகை மீன், மயோனைஸில் முட்டை. பொட்டலம் இல்லாததுதான் ஆபத்து: பரோட்டா மாவில் முட்டை சேர்க்கிற கடை உண்டு, பேக்கரி பப்ஸ் மேலே முட்டை தடவுகிற இடமும் உண்டு. கேட்டு வாங்குங்க. குளிர்ந்த இனிப்பு வேணும் என்றால் ஜெலட்டினுக்குப் பதில் கடல்பாசி, ஒரு லிட்டர் பாலுக்கு 10 கிராம்.

#15 | ஏற்காடு வாசல்

இதே மாதிரி விருந்தை ஏற்காட்டில் வாடகை வீட்டில் வைப்பதாக இருந்தால் மாற்றம் ஏதாவது வேணுமா?

#16 | மலைமிளகு

வேணும். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம், தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு, மொச்சை வேகாமல் இழுக்கும். குக்கர்தான் கைகொடுக்கும், அதில் ஒரு விசில் கூடுதலா விட்டால் போதும். தம் போடுவதற்கும் ஐந்து நிமிஷம் கூட வையுங்க. மார்கழிக் குளிரில் தேங்காயெண்ணெய் தாளிப்பு தட்டிலேயே வெள்ளையா உறையும், 24 டிகிரிக்குக் கீழே அதன் குணமே அது. கடலெண்ணெய்க்கு மாறுங்க. இட்லி மாவு ஒரே ராத்திரியில் பொங்காது, சேலத்திலேயே புளிக்க வைத்து எடுத்துப் போங்க.

குழம்பை இங்கிருந்து கொண்டுபோவதானால் பாத்திரத்தில் முக்காலுக்கு மேல் ஊற்றாதீங்க. 20 கொண்டை ஊசி வளைவு இருக்கு. மூடிமேல் துணி கட்டி, கால் வைக்கிற இடத்தில் நிறுத்துங்க, டிக்கியில் வேண்டாம். பட்டர் ஃப்ரூட் மலையிலேயே கிடைக்கும்: இரண்டு பழம் மசித்து, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய், உப்பு, ஒரு கப் தயிர். சூடு காட்டினால் கசக்கும், தாளிப்பு ஆறின பிறகு கொட்டணும்.

#17 | அம்மாபேட்டை அடுப்படி

சமணர் ஜவ்வரிசி வேண்டாம் என்றார், பாசிப்பருப்புப் பாயசம் முடிவு. ஐந்தே காலுக்கு வருகிறார். சாப்பாட்டுக்கு முன்னாடி கொறிக்கத் தட்டுவடை செட் வைக்கலாமா என்று வீட்டில் கேட்கிறாங்க.

#18 | சாமைச்சோறு

தாராளமா. நம்ம ஊர்ப் பண்டம், இரண்டு தட்டுவடைக்கு நடுவில் சட்னியும் துருவின காயும் வைப்பது ஒரு செட், தானாகவே சைவம். ஆளுக்கு மூணு செட் என்றால் 14 பேருக்கு 42 செட், 84 தட்டுவடை. உடைவதற்கு 10 சேர்த்து வாங்குங்க. பீட்ரூட் 300 கிராம், கேரட் 300 கிராம், வெங்காயம் 250 கிராம். துருவின பீட்ரூட்டை ஒரு முறை பிழிந்துடுங்க. உப்பை வைக்கும் நேரத்தில்தான் சேர்க்கணும், முன்னாடி போட்டால் தண்ணீர் விட்டு வடை நமுத்துப் போகும். இரண்டு சட்னியும் ஸ்பூனைக் கவிழ்த்தால் விழாத கெட்டியில் இருக்கணும். அடுக்கி வைத்துக் காத்திருக்காதீங்க, கையில் கொடுக்கும் போது அடுக்குங்க.

சமணருக்கு அதே தட்டுவடையில் துருவின மாங்காயும் விதை எடுத்த வெள்ளரிக்காயும், பூண்டு இல்லாத புதினாச் சட்னியும். அந்தச் சட்னியை மிக்ஸியில் முதலில் அரைத்துடுங்க. கார சட்னிக்குப் பூண்டு அரைத்த ஜாரில் அதை அரைத்தால் வாசனை ஏறிவிடும்.